80 லென்ஸில் மூக்கு பெரிதாக விழுகிறது, 150 வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் ஹாசல்பிளாட் 500 சி/எம் ஃபிலிம் கேமரா, 80 மி.மீ. பிளானார் லென்ஸ் இருக்கின்றன. அம்மாவை நெருக்கமாக எடுத்தேன். பிரிண்டில் மூக்கு முன்னால் துருத்துகிறது, காதுகள் பின்னால் ஒதுங்கிவிட்டன. 150 மி.மீ. சோனார் லென்ஸ் நல்லதா, 180 நல்லதா?

பதில்:
எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்? கேமரா எந்த உயரத்தில் இருந்தது?

கேட்டவர்:
ஃபோகஸ் வளையம் முடியும் இடம், 0.9 மீட்டர். கழுத்தில் மாட்டிக் குனிந்து பார்த்து எடுத்தேன்.

பதில்:
அப்படியென்றால் லென்ஸ் மேல் தப்பில்லை. காதைவிட மூக்கு பத்துப் பன்னிரண்டு செ.மீ. முன்னால் இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் அது பெரிய வித்தியாசம், ஒன்றரை மீட்டர் தூரத்துக்குத் தள்ளிப் போனால் ஏறக்குறைய பாதியாகிவிடும். போதாக்குறைக்கு நெஞ்சு உயரத்திலிருந்து மேல்நோக்கி எடுத்திருக்கிறீர்கள், மூக்குத் துவாரம் தெரியத்தான் செய்யும். அதே 80-ஐ ஸ்டாண்டில் கண் மட்டத்துக்கு வைத்து, ஒன்றரை மீட்டரில் எடுத்து நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

வேறொருவர்:
என் ஓட்டு 150-க்கு. 1.4 மீட்டரில் ஏறக்குறைய 40 செ.மீ. சதுரம் கிடைக்கும்: தலையும் தோளும். இன்னும் நெருங்க 10 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வளையம்) போடலாம், ஆனால் அதோடு ஒரு மீட்டருக்கு வந்தால் பழைய மூக்கு திரும்ப வந்துவிடும். முகம் மட்டுமே எடுப்பவருக்கு 180 கொஞ்சம் நல்லது, ஆனால் கனம் கூடுதல். இன்னொன்று, 1.4 மீட்டரில் எஃப்/4 வைத்தால் (லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தால்) தெளிவாக விழும் ஆழம் இரண்டு மூன்று செ.மீ.தான். கிட்டே இருக்கும் கண்ணின் இமைமுடியில் ஃபோகஸ் வையுங்கள். அவர் மூச்சு விட்டாலே நழுவும். நான் எஃப்/8-ஐவிடத் துளையைப் பெரிதாகத் திறப்பதில்லை.

கேட்டவர்:
சொன்னபடி ஒரு ரோல் எடுத்தேன். மூக்கு அடங்கிவிட்டது, அம்மா அம்மாவாகவே இருக்கிறார்! ஆனால் வெட்டிப் பெரிதாக்கியதில் கன்னமெல்லாம் மணல் மணலாகக் கிரெயின். சரி, 150-தான். பழையது வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பதில்:
அதற்குத்தான் 150: அதே தூரத்திலிருந்து நெகட்டிவ் முழுவதையும் முகத்துக்குக் கொடுக்கும். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1 நொடியில் வைத்து அழுத்தி, ஓடும் சத்தத்தைக் கேளுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது, சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள்.