டேலி சர்வர் முழுக்கப் பூட்டிக்கிடக்கிறது: ஃபார்மேட் அடிக்கலாமா?

மாங்கூழ்_கணக்கு, கிருஷ்ணகிரி:

வணக்கம். மாங்கூழ் ஆலை. அலுவலகத்தில் 14 கணினி, விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடும் ஒரே ஒரு சர்வர். டேலி பிரைம் கணக்கு மென்பொருள், எடைமேடை டேட்டாபேஸ், ஏற்றுமதி பேட்ச் பதிவு எல்லாம் அதில்தான். காலை 6 மணி ஷிப்டிலிருந்து எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'ஐடி' என்று போட்டு, சதுர அடைப்புக்குள் எட்டு எழுத்து, ஒரு கோடு, நாலு இலக்கம். அடுத்த அடைப்பில் ஒரு மின்னஞ்சல். கடைசியில் ஏதோ புது நீட்சி. டெஸ்க்டாப்பில் 'இன்ஃபோ' என்ற பெயரில் இரண்டு கோப்பு, பணம் கேட்டு.

டேலி சப்போர்ட் ஆள் வெளியிலிருந்து வருவதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து ரிமோட் டெஸ்க்டாப் கொடுத்திருக்கிறது. வழக்கமான போர்ட் எண் 3389 ஆபத்து என்று 33890 ஆக மாற்றியும் இருக்கிறது. பேக்கப் யுஎஸ்பி டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகியிருக்கும், அதுவும் போச்சு. கூகுள் டிரைவிலும் பூட்டிய கோப்புகளே ஏறியிருக்கின்றன. சுத்தமான பிரதி, மார்ச் 31 தேதியிட்ட பென் டிரைவ் ஒன்று, ஆடிட்டரிடம் இருக்கிறது.

வெளியே பெங்களூரா மாங்காய் லோடு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. சர்வீஸ் ஆள் "ஃபார்மேட் அடிச்சு மதியத்துக்குள்ள ஏத்திடலாம்" என்கிறார். அடிக்கலாமா? ஸ்டெரிலைசர் (கிருமி நீக்கும் இயந்திரம்) திரைக் கணினியும் இதே நெட்வொர்க்கில்தான் இருக்கிறது, இதுவரை நன்றாக ஓடுகிறது. அதை நிறுத்த வேண்டுமா?

ஓசூர்_சுவிட்ச்:

ஃபார்மேட் வேண்டாம் சார். அந்த பென் டிரைவை சர்வரில் செருகவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் பெயர் அமைப்பு ஃபோபோஸ் என்ற ரான்சம்வேர் (கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) வகை மாதிரி இருக்கிறது. அது பூட்டி முடித்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. ஸ்டார்ட்அப்பில் தன்னை எழுதிவைத்துக்கொண்டு பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும், புதிதாகச் செருகும் டிஸ்க்கையும் பூட்டும். மிஞ்சியிருக்கும் ஒரே நல்ல பிரதி இப்படித்தான் நிறைய இடத்தில் போகிறது.

இப்போதே செய்ய வேண்டியது: சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபை இருந்தால் அதையும். பவரை உடனே அணைக்க வேண்டாம். மெமரியில் இருக்கும் தடயம் அணைத்தால் போய்விடும். கேபிள் கழற்றிய பிறகும் புதுப்புதுக் கோப்புகள் கண்ணெதிரே பெயர் மாறிக்கொண்டிருந்தால் மட்டும் பவரைப் பிடுங்குங்கள், அப்போது தடயத்தைவிட டேட்டா முக்கியம். மற்ற 14 கணினியையும் ஒவ்வொன்றாகப் பிரிப்பதைவிட அலுவலக சுவிட்சையே அணைப்பது வேகம்.

ஸ்டெரிலைசரில் அவசரப்படாதீர்கள். திரைக் கணினியும் பிஎல்சியும் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒரே சுவிட்ச் வழியாகப் பேசிக்கொண்டிருந்தால், கணினியின் கேபிளைக் கழற்றியதும் வெப்பநிலைப் பதிவு நின்றுபோகும். பேட்ச் நடுவில் அது நடந்தால் அந்த லாட்டையே ஒதுக்கி வைக்க வேண்டிவரும். அதற்குப் பதில், ஆலை சுவிட்சையும் அலுவலக சுவிட்சையும் இணைக்கும் அந்த ஒற்றைக் கேபிளைக் கண்டுபிடித்து அதை மட்டும் கழற்றுங்கள். ஆலைக்குள் எல்லாம் ஓடும், வெளியே இருந்து ஒன்றும் வராது.

எடைமேடைக்குக் கணினியே வேண்டாம். இண்டிகேட்டரில் எடை தெரியும். அச்சிட்ட சீட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள், ஆனால் சீட்டு எண்ணைப் பழைய தொடரிலிருந்து விலகி, உதாரணமாக 90001 என்று ஆரம்பியுங்கள். பிறகு டேட்டாபேஸ் திரும்பினாலும் எண் மோதாது, விவசாயிக்குப் பணம் தரும்போது தகராறு வராது.

ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் அதன் லாக் பக்கத்தை மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். நிறைய ரவுட்டரில் ரீஸ்டார்ட் ஆனதும் லாக் அழிந்துவிடும். அதன்பின் போர்ட் ஃபார்வர்டு, யுபிஎன்பி (தானாகவே போர்ட் திறந்துவிடும் வசதி) இரண்டையும் நீக்குங்கள்.

இன்னொன்று. சர்வரில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகியிருந்தால் முதலில் பிடுங்குங்கள். பிரவுசரில் சேமித்த நெட்பேங்கிங், ஜிஎஸ்டி, மெயில் பாஸ்வேர்டுகள் அனைத்தும் அவர்கள் கையில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, ஆலை நெட்வொர்க்கில் இல்லாத மொபைலிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கிளைக்கும் ஒரு போன்.

காவேரிப்பட்டணம்_சிஸ்டம்:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஃபார்மேட் ஏன் கூடாது என்பதற்குக் காரணம் இன்னும் பெரியது. 2024 நவம்பரில் ஃபோபோஸை நடத்தியதாக ஒருவர் மீது அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அதன் கிளையான 8பேஸ் கும்பலைச் சேர்ந்த நால்வர் தாய்லாந்தில் பிடிபட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜப்பான் போலீஸ் இரண்டுக்கும் இலவசத் திறப்புக் கருவி வெளியிட்டது. ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் பங்காளியாக இருக்கும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் கிடைக்கிறது. எல்லா வகைக்கும் வேலை செய்யும் என்று உறுதி இல்லை. ஆனால் ஃபார்மேட் அடித்தால் திறப்பதற்கே ஒன்றும் இருக்காது. இன்று திறக்காத கோப்புக்கு அடுத்த வருடம் சாவி வரலாம் என்பதால் பூட்டிய பிரதியை எப்போதும் தூக்கிப் போடாதீர்கள்.

வகையைச் சரியாகப் பிரியுங்கள். ஐடியை அடுத்து சதுர அடைப்பு, அதற்குள் எட்டு எழுத்து-நாலு இலக்கம் என்றால் ஃபோபோஸ். ஐடி, ஒரு கோடு, அடைப்பில்லாமல் எட்டு எழுத்து, பிறகு மின்னஞ்சல் என்றால் அதன் மூத்த சகோதரன் தர்மா. (பக்கத்து மாவட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) தர்மாவின் பழைய வகைகளுக்கு 2017-இல் சாவிகள் வெளிவந்தன, பிந்தைய வகைகளுக்கு இல்லை. 'ஐடி ரான்சம்வேர்' தளத்தில் மிரட்டல் கோப்பையும் பூட்டிய கோப்பு ஒன்றையும் ஏற்றினால் பெயர் சொல்லிவிடும். பார்ட்டி பெயர், சம்பள விவரம் இருக்கும் கோப்பை ஏற்றாதீர்கள். விண்டோஸோடு வந்த படம் ஏதாவது போதும்.

டிஸ்க் வேலை: சர்வர் டிஸ்க்கைவிடக் கொள்ளளவு கூடிய புது டிஸ்க் இரண்டு வாங்குங்கள். சர்வரை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் குளோன்ஜில்லா (டிஸ்க் நகலெடுக்கும் இலவச மென்பொருள்) பென் டிரைவிலிருந்து பூட் செய்து முழுப் பிரதி எடுங்கள். ஒன்று போலீசுக்கும் தடயத்துக்கும், இன்னொன்றில்தான் திறப்புக் கருவியை ஓட்ட வேண்டும். அசலில் ஓட்டினால், பாதியில் பிழை வந்து கோப்பு சிதையும்போது திரும்பிப் போக வழி இருக்காது. ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) இருந்தால் டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் கழற்றுவதற்கு முன் வரிசை எண் ஒட்டுங்கள்.

கருவி ஓடாவிட்டாலும் வழி இருக்கிறது. ஃபோபோஸ் வேகத்துக்காக 1.5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளில் சில துண்டுகளை மட்டுமே பூட்டும். எடைமேடை டேட்டாபேஸ் சில நூறு எம்பி இருந்தால் உள்ளே பெரும்பகுதி அப்படியே கிடக்கும், டேட்டாபேஸ் மீட்பு தெரிந்தவர் வரிசைகளைப் பிடுங்கி எடுக்க முடியும். சின்னச் சின்னக் கோப்புகளுக்குத்தான் இந்த வழி கிடையாது.

கூகுள் டிரைவை விட்டுவிடாதீர்கள். எல்லாக் கணினியிலும் சின்க்கை நிறுத்திவிட்டு, சுத்தமான ஒரு லேப்டாப்பில் பிரவுசர் வழியாக நுழையுங்கள். பழைய பதிப்புகள் 30 நாள் இருக்கும். பெயர் மாறி ஏறியிருந்தால் பழைய கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். மார்ச் 31-க்குப் பிந்தைய டேலி ஃபோல்டர் அங்கே கிடைக்க நல்ல வாய்ப்பு. கணக்கின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.

வந்த வழி என்ன என்பது பிரதி டிஸ்க்கில் ஈவண்ட் லாக் (விண்டோஸ் தானே எழுதும் நிகழ்வுப் பதிவு) பார்த்தால் தெரியும். 4625 (தோற்ற லாகின்) எண் ஆயிரக்கணக்கில் வந்து, பிறகு அதே முகவரியிலிருந்து ஒரு 4624 (வெற்றி பெற்ற லாகின்) வந்தால் பாஸ்வேர்டை அடித்து அடித்து உடைத்திருக்கிறார்கள். 4625-ஏ இல்லாமல் நேரே 4624 என்றால் பாஸ்வேர்டு வேறெங்கோ கசிந்து விலைக்குப் போயிருக்கிறது. 1102 இருந்தால் லாக்கை அழித்திருக்கிறார்கள். அப்போதும் ரிமோட் டெஸ்க்டாப்பின் தனி லாக்கில் உள்ளே வந்ததைக் காட்டும் 1149 மிஞ்சியிருக்கலாம். 33890 என்று மாற்றியது யாரையும் தடுக்காது. இணையம் முழுக்க எல்லா போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் ராப்பகலாக ஓடுகின்றன, ரிமோட் டெஸ்க்டாப் எந்தக் கதவில் இருந்தாலும் குரல் கொடுத்துவிடும்.

பூட்டுவது அவர்களின் கடைசி வேலை. அதற்கு முன்பே விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்து, மெமரியிலிருந்து அட்மின் பாஸ்வேர்டு எடுத்து, உள் நெட்வொர்க்கை ஸ்கேன் செய்து, ஷேடோ காப்பிகளை (விண்டோஸ் தானே வைக்கும் பழைய பிரதிகள்) அழித்திருப்பார்கள். புது அட்மின் பயனர், யாரும் போடாத எனிடெஸ்க் (தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள்) இரண்டையும் தேடுங்கள். கண்டுபிடிக்காமல் மதியத்துக்குள் ஏற்றினால் அதே கதவு வழியாக அடுத்த வாரமும் வருவார்கள்.

தருமபுரி_தணிக்கை:

கணக்குப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். காலை 6 மணிக்குத் தெரிந்தது என்றால் பகல் 12. எல்லா விவரமும் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் இருப்பதை அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு சேர்க்கலாம். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1930 என்பது வங்கிப் பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய எண். சைபர் காப்பீடு இருந்தால், வெளி ஆள் யாரையும் அமர்த்தும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். முன் அனுமதி இல்லாத செலவைத் தர மறுக்க இடமுண்டு.

டேலி திரும்பாவிட்டாலும் ஏப்ரல் முதல் கட்டியெழுப்பலாம். விற்பனை: ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்), இ-இன்வாய்ஸ், இ-வே பில் தளங்களிலிருந்து. கொள்முதல்: டிரம், பை, ரசாயனம் போன்றவை ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வந்துவிடும். வராதது விவசாயிகளிடம் வாங்கிய மாங்காய். அதற்கு எடைச்சீட்டின் அடிக்கட்டையும் வங்கிப் பட்டியலும்தான் கதி. ஆகவே அடிக்கட்டைகளை இன்றே ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் சுங்கத் தளத்தில் இருக்கும். மார்ச் 31 பிரதியை முதலில் அப்படியே நகலெடுத்துவிட்டு, நகலில் மட்டும் பதிவு போடுங்கள்.

நிறுவனம் கம்பெனியாகப் பதிவானது என்றால், இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஆடிட்டர் கேட்பார்.

மாங்கூழ்_கணக்கு, கிருஷ்ணகிரி:

கேபிள் எல்லாம் கழற்றியாச்சு, ஆலை தனியாக ஓடுகிறது. நன்றிங்க. முதலாளி "சீசன் போனா வருஷம் போச்சு, கொடுத்துத் தொலைச்சிடலாமா" என்கிறார். ஒரு டேட்டா ரெக்கவரி கம்பெனி 100 சதவீதம் திறந்து தருவதாகப் போனில் சொல்கிறது.

ஓசூர்_சுவிட்ச்:

100 சதவீதம் என்று கோப்பைப் பார்க்காமலே சொல்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த முறையில்?" இந்தப் பூட்டைச் சாவியில்லாமல் உடைக்க முடியாது. இலவசக் கருவியை ஓட்டிவிட்டுக் காசு வாங்குவார்கள், அல்லது கும்பலுக்கே பணம் கட்டிவிட்டு உங்களிடம் அதற்கு மேல் வசூலிப்பார்கள்.

பணம் கொடுப்பது பற்றி முதலாளிக்குக் காட்ட மூன்று சம்பவம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது. வந்த கருவி ஆமை வேகம், கடைசியில் சொந்த பேக்கப்பையே நம்ப வேண்டியதாயிற்று. 2024-இல் அமெரிக்க மருத்துவக் கட்டண நிறுவனமான சேஞ்ச் ஹெல்த்கேர் 2.2 கோடி டாலர் கொடுத்தது. தலைமைக் கும்பல் பணத்தோடு ஓடிவிட, டேட்டாவைத் திருடிய கூட்டாளி தன்னிடமே அது இருக்கிறது என்று மறுபடி வந்தான். அதே ஆண்டு பிப்ரவரியில் லாக்பிட் என்ற இன்னொரு கும்பலின் சர்வர்களைப் போலீஸ் பிடித்தபோது, பணம் கட்டியவர்களின் டேட்டாவும் அழிக்கப்படாமல் கிடந்தது. முதலில் இலவசக் கருவி, டிரைவ், டேட்டாபேஸ் மீட்பு மூன்றும் தோற்கட்டும். அதுவரை அந்த மெயிலுக்குப் பதில் போட வேண்டாம்.

காவேரிப்பட்டணம்_சிஸ்டம்:

திரும்ப ஏற்றும்போது: 2012 ஆர்2-வுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஓடு முடிந்தது, அதையே மறுபடி போடாதீர்கள். வெளி ஆளுக்கு நேரடி ரிமோட் டெஸ்க்டாப் கிடையாது. விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு), அதற்கு மேல் ஓடிபி, வேலை முடிந்ததும் கணக்கை முடக்கிவிடுவது.

டேலியில் யாரும் பேசாத ஓட்டை ஒன்று உண்டு. பல பேர் பயன்படுத்துவதற்காக டேட்டா ஃபோல்டரை எல்லோருக்கும் முழு உரிமையோடு ஷேர் செய்வார்கள். கேட் கீப்பர் கணினியில் ஒரு கள்ள மென்பொருள் வந்தாலே மொத்த டேலியும் பூட்டப்படும். டேலி பிரைம் சர்வர் போட்டால் பயனர் ஃபோல்டரை நேரடியாகத் தொட வேண்டியதில்லை. கட்டுப்படியாகாவிட்டால், தேவையான நாலைந்து பேருக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

பேக்கப்புக்கு யுஎஸ்பி டிஸ்க் இரண்டு, திங்கள்-புதன்-வெள்ளி ஒன்று, மற்ற நாள் இன்னொன்று. எடுத்து முடித்ததும் கழற்றி பீரோவில். இதோடு ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும்) வசதியுள்ள நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்று. சர்வர் அதில் எழுதக் கூடாது, நாஸ்தான் வந்து இழுக்க வேண்டும், அதன் அட்மின் பாஸ்வேர்டு சர்வரில் எங்கும் சேமிக்கப்படக் கூடாது. மாதம் ஒருமுறை வேறு கணினியில் டேலி திறந்து, பீரோ டிஸ்க்கிலிருந்து ரீஸ்டோர் செய்து, இருப்பு நிலைக் குறிப்பின் மொத்தம் சர்வரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மாங்கூழ்_கணக்கு, கிருஷ்ணகிரி:

டிரைவ் குப்பைத்தொட்டியில் நேற்று இரவு 11 மணி வரையான டேலி ஃபோல்டர் இருக்கிறது. லேப்டாப்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் வாங்க ஆள் போயிருக்கிறார். எடைமேடைச் சீட்டு 90001-இலிருந்து ஓடுகிறது.