கம்பே வாளை உருவியது சரியா? ‘செவன் சாமுராய்’ பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி – நூல்கண்டு

வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஆனேன். என் ஷிப்டில் 26 பேர். பாதிப் பேர் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே மில்லுக்கு வந்தவர்கள். சென்ற மாதம் நான்கு பேரை நிரந்தரமாக இரவு ஷிப்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வேலை தொடங்கும் முன் எல்லோரையும் கூட்டி, காரணத்தைச் சொல்லி, பெயர்களைப் படித்தேன். நால்வரும் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். மூன்றாம் நாள் வந்துவிட்டார்கள், வேலையும் ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அந்த வாரம்தான் அகிரா குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) படத்தை மறுபடி பார்த்தேன். 207 நிமிடங்கள் என்பதால் இரண்டு இரவுகளாகப் பார்த்தேன். முதல் இரவு இடைவேளைக்குச் சற்று முன் வரும் காட்சி என்னைத் தூங்கவிடவில்லை.

பார்க்காதவர்களுக்காக: 16ஆம் நூற்றாண்டு ஜப்பான். பார்லி விளைந்ததும் கொள்ளையடிக்க 40 பேர் கொண்ட கூட்டம் வரப்போகிறது. கிராமத்தார் வயிறாரச் சோறு போடுவதை மட்டுமே கூலியாகச் சொல்லி ஏழு சாமுராய்களை அழைத்து வருகிறார்கள். தலைவர் கம்பே. ஊரில் 20 வீடுகள். ஓடைக்கு அப்பால் இன்னும் மூன்று. அந்த மூன்றையும் காக்க முடியாது, காலிசெய்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று கம்பே எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கிறார். மோசுகே என்ற விவசாயி கொதித்துப்போகிறான். தன் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு அடுத்தவன் வீட்டுக்கு எதற்குக் காவல் நிற்பது என்று, அப்பால் வீடுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு, மூங்கில் ஈட்டிகளை எறிந்துவிட்டு நடக்கிறான். கம்பே வாளை உருவிக்கொண்டு ஓடி அவர்களை வரிசைக்குத் திருப்பி விரட்டுகிறார். அதற்குப் பிறகுதான் பேசுகிறார்: மூன்று வீடுகளுக்காக இருபதை ஆபத்தில் தள்ள முடியாது, ஊர் அழிந்தால் அந்த மூன்றும் தனியே பிழைக்காது, தன்னை மட்டும் நினைப்பவன் தன்னையும் அழித்துக்கொள்வான்.

மேசைமேல் கிடந்த நான்கு அட்டைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

அதுவரை படத்தில் கம்பே யாரையும் மிரட்டியதில்லை. திருடனிடமிருந்து ஒரு குழந்தையை மீட்பதற்காகத் தன் குடுமியையே மழித்துக்கொண்ட மனிதர். அவரே வாளை எடுக்க நேர்ந்தது ஏன்? வேறு வழி இருந்ததா? ஆட்களை வைத்து வேலை வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் – படச்சுருள்

வேறு வழி இல்லை. நான்கு பேர் போனால் நாற்பது பேரும் போவார்கள். அந்த நொடியில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தால் அன்று மாலையே ஊர் கலைந்திருக்கும்.

கம்பேயிடம் கற்க வேண்டியதை அந்த ஒரு காட்சியில் தேடாதீர்கள். அவர் ஆள் சேர்க்கும் விதத்தைப் பாருங்கள். பழைய தோழன் ஷிச்சிரோஜியிடம் பணம் கிடைக்காது, புகழும் கிடைக்காது என்கிறார். இந்த முறை செத்தே போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். அவன் புன்னகைக்கிறான், அவ்வளவுதான். கொரோபே இன்னும் வெளிப்படையானவன். விவசாயிகளின் துயரத்தைவிட உங்கள் குணம்தான் என்னை இழுக்கிறது என்று கம்பேயின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது சோற்றுக் கிண்ணம் வரும் இடம். விவசாயிகள் வந்து உதவி கேட்டதும் கம்பே முதலில் மறுத்துவிடுகிறார். அவர்கள் தங்கியிருக்கும் சத்திரத்தில் உள்ள கூலியாள் ஒருவன் கிண்ணத்தை எடுத்து நீட்டி, உங்களுக்கு அரிசிச் சோறு போட்டுவிட்டு இவர்கள் எதைத் தின்கிறார்கள் தெரியுமா என்று கத்துகிறான். கம்பே கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, இந்தச் சோற்றை வீணாக உண்ணமாட்டேன் என்று ஒரே வாக்கியம் சொல்கிறார். கம்பேயாக நடித்த தகாஷி ஷிமுரா அதைச் சொல்லும்போது குரல் உயர்வதே இல்லை. ஒரு மனிதர் வாக்குக் கொடுப்பதை அவ்வளவு அழகாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்னொன்று, அவர் கணக்கை ஒளிப்பதில்லை. ஒரு தாளில் எதிரிகளுக்கு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொருவன் விழுந்ததும் ஒன்றை அடித்துக்கொண்டே வருகிறார். கடைசி நாள் விடியலில் மிச்சம் 13 என்று எல்லோருக்கும் தெரியும்.

பதில் – குதிரைவாலி

மேலே உள்ளவர் குறிப்பிட்ட அந்தக் கூலியாள் சொல்வது குதிரைவாலியைத்தான். நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். என் பாட்டி அரிசியை விற்றுவிட்டுக் குதிரைவாலிக் கஞ்சி குடித்தவர். அதனால்தான் இந்தப் பெயரில் எழுதுகிறேன். அந்தக் காட்சியை என்னால் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை.

தலைவர் என்ன சொன்னார் என்பதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கீழே இருப்பவர்கள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். சாமுராய்கள் ஊருக்குள் வரும்போது வரவேற்க ஓர் ஆள் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கிறது. மான்சோ என்ற விவசாயி தன் மகளின் கூந்தலை வெட்டி ஆண்பிள்ளைபோல் ஆக்கி வைத்திருக்கிறான். காப்பாற்ற வந்தவர்கள் மீதே அவ்வளவு பயம். ஏழு பேரில் ஒருவனான கிகுச்சியோ அபாய மணிக்கட்டையைத் தட்டியதும் அத்தனை பேரும் அலறிக்கொண்டு வெளியே ஓடிவருகிறார்கள். இவர்களுக்குள் பேச்சு எப்படித் தொடங்கும் என்பதை அவன் ஒருவன்தான் அறிந்திருக்கிறான்.

பிறகு ஊரார் ஒளித்து வைத்திருந்த கவசங்களை அவன் தேடி எடுத்துவந்து போடுகிறான். தோற்று ஓடிவந்த சாமுராய்களைக் கொன்று எடுத்தவை அவை. மற்ற சாமுராய்கள் முகம் சுருங்கிப்போகிறார்கள். அதிகம் பேசாத கியூசோவே, இந்த ஊர்க்காரர்களை எல்லாம் கொன்றுவிடத் தோன்றுகிறது என்கிறான். அப்போது கிகுச்சியோ வெடிக்கிறான். ஆமாம், விவசாயிகள் கஞ்சர்கள், பொய்யர்கள், கொலைகாரர்கள். ஆனால் அவர்களை அப்படி ஆக்கியது யார்? நீங்கள்தான். தோஷிரோ மிஃபுனே நடித்த காட்சிகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை.

கம்பே எதிர்வாதம் செய்யவில்லை. கண் கலங்கி, நீ விவசாயியின் மகன்தானே என்று மட்டும் கேட்கிறார்.

நூல்கண்டு, உங்கள் மில்லில் 26 பேரில் ஒரு கிகுச்சியோ கட்டாயம் இருப்பார். அநேகமாக உங்களுக்குத் தொல்லை கொடுப்பவராகவே இருப்பார். அவரிடம் பேசினீர்களா?

பதில் – பழைய நிலைய அலுவலர்

தம்பி, தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் படத்தைவிட ஒரு குடிசைத் தீதான் முதலில் நினைவுக்கு வந்தது.

கீற்றுக் குடிசைகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில், கூரையில் தீ ஏறிய குடிசையை மீட்க முடியாது. வண்டியில் உள்ள தண்ணீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே எரிவதை விட்டுவிட்டு எரியாத வரிசையை நனைப்போம். காற்று பலமாக இருந்தால், நடுவில் ஒரு குடிசையின் கூரையைப் பிரித்துத் தள்ளி வெளி உண்டாக்குவோம். நாங்கள் பிரிக்கும் அந்தக் குடிசையில் அப்போது தீயே இருக்காது. உள்ளே உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

ஒரு கோடையில் அப்படி ஒரு குடிசையைப் பிரிக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் வாசலில் குறுக்கே நின்றார். ஊரைக் காப்பாற்ற வேண்டும், நகருங்கள் என்று கத்தினேன். காவலர்கள் இருவர் அவரை இழுத்துப் போனார்கள். தீ அந்த வெளியோடு நின்றது. மறுநாள் அறிக்கை எழுதப் போனபோது அவர் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் என் மகளின் சான்றிதழ்களை எடுத்திருப்பேன் ஐயா” என்றார். நான் எடுத்த முடிவை அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

அதன் பிறகு எப்போது கூரை பிரிக்கச் சொன்னாலும் என் ஆட்களில் ஒருவரைத் தனியே ஒதுக்கிவிடுவேன். குழாயையும் கொக்கிக் கம்பையும் அவர் தொடவே கூடாது. வீட்டுக்காரரோடு உள்ளே போய் என்ன வேண்டும் என்று கேட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். ஒரு கை குறைகிறதே என்று உடன் இருந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். நான் மாற்றவில்லை.

கம்பேயிடம் ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் விவசாயியின் மகன் என்று அதற்குள் தெரிந்தும்விட்டது. அறிவிப்புக்கு முந்தைய நாள் கிகுச்சியோவை ஓடைக்கு அப்பால் அனுப்பியிருக்கலாம். யாரும் அங்கே போய் உட்கார்ந்து பேசியதாகப் படத்தில் நாம் பார்ப்பதில்லை. மோசுகேயும் மற்றவர்களும் ஊரார் அத்தனை பேருக்கும் நடுவில் நின்றபடி, எல்லோரோடும் சேர்ந்துதான் செய்தியைக் கேட்கிறார்கள். வரைபடத்தில் மூன்று புள்ளிகளைக் கைவிடுகிறோம் என்பது போர் நியாயம், அதில் பிழையே இல்லை. நல்ல கோட்டைக்கு ஒரு திறப்பு வேண்டும், எதிரியை அதன் வழியே உள்ளே இழுக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர் அவர். அந்த அறிவு எனக்கு இல்லை. ஆனால் புள்ளிக்குள் அடுப்பு இருக்கிறது.

ஊர்ப் பெரியவர் கிசாகுவின் தண்ணீர் ஆலையும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். கிழவர் கடைசி வரை வர மறுத்து அங்கேயே சாகிறார். அவரை அழைத்துவரப் போன மகனும் மருமகளும் சாகிறார்கள். எரியும் ஆலைக்கு முன் ஓடைத் தண்ணீரில் நின்று, அந்தக் கைக்குழந்தையை அணைத்தபடி, இது நான்தான், எனக்கும் இதேதான் நடந்தது என்று கிகுச்சியோ அழுகிறான். நான் படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

பதில் – படச்சுருள்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் வாதாடத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் மோசுகே முந்தைய நாளே ஆட்களைத் திரட்டியிருப்பானே?

பதில் – பழைய நிலைய அலுவலர்

திரட்டியிருக்கலாம். அப்போதும் வாள் தேவைப்பட்டிருக்கலாம். காவலர்களை வைத்து இழுத்துப் போனது தவறு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். எனக்கு வலிப்பது அந்தச் சான்றிதழ்கள்.

கிகுச்சியோ காவலை விட்டுப் போன கட்டத்தையும் பாருங்கள். கியூசோ தனியே போய் எதிரியின் துப்பாக்கியைக் கொண்டுவந்தான், கொண்டாடினார்கள். இளைஞன் கத்சுஷிரோ அந்தப் புகழைக் கிகுச்சியோவிடமே போய்ப் பாடுகிறான். இவனும் காவலை யோஹெய் என்ற விவசாயியிடம் விட்டுவிட்டுப் போய் இன்னொரு துப்பாக்கியோடு வருகிறான். கம்பே பாராட்டவில்லை, கடிந்துகொள்கிறார். தனியாளாகச் செய்வது போர் ஆகாது என்கிறார். சரிதான். அதற்குள் அவன் விட்டுப்போன பக்கமாக எதிரி நுழைந்து யோஹெய் செத்துப்போகிறான். ஆனால் இவன் ஏன் போனான் என்று யாராவது கேட்டார்களா? ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவன் அவன். என் நிலையத்தில் அப்படி இருவர் இருந்தார்கள். அவர்களுக்கு வாரம் ஒருமுறையாவது நானே தேநீர் வாங்கிக் கொடுப்பேன்.

நூல்கண்டு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நான்கு பேர் வீட்டிலும் இரவில் யார் இருக்கிறார்கள்?

பதில் – நூல்கண்டு

ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று பேரைப் பற்றிச் சொல்ல முடிகிறது. ஒருவருக்குக் கைக்குழந்தை. ஒருவருடைய கணவரும் இரவு வேலைக்காரர். ஒருவர் தனியாக விடுதியில் இருக்கிறார். நான்காமவரைப் பற்றி, அவர் பெயரையும் எந்த மெஷினில் நிற்கிறார் என்பதையும் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அட்டையை முதலில் கழற்றி வைத்தவர் அவர்தான்.

குதிரைவாலி அக்கா, நீங்கள் சொன்ன கிகுச்சியோவும் இருக்கிறார். சென்ற மாதம் அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தவன் நான். இன்று இடைவேளையில் அவரிடம் போய், அந்த நான்காமவர் வீடு எங்கே என்று கேட்டேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, “அவர் தம்பிக்கு வலிப்பு வரும் சார். இரவில்தான் வரும். வீட்டில் வேறு ஆள் கிடையாது” என்றார்.

நாளை இரவு ஷிப்டுக்கு நான் முன்னதாகவே போகிறேன். மாற்றல் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.