பிறரை நேசிப்பது கிறிஸ்தவ வாழ்வின் நோக்கமா, கனியா?

தாமிரபரணி:
ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்துப் பிரசங்கம் ஒன்றில் எங்கள் ஐயர் (சபைப் போதகர்) ஒரு வார்த்தை சொன்னார்: "பிறனை நேசிக்கத்தான் தேவன் நம்மை அழைத்தார், மற்றதெல்லாம் அதற்கான பயிற்சி." அதைப் பற்றி இரண்டு வாரமாகக் கோயில் வாசலில் விவாதம் நடக்கிறது. ஐயர் அளவு மீறிப் பேசிவிட்டார் என்கிறார்கள் பாதிப் பேர். எனக்கு அவர் சொன்னது சரியாகவே படுகிறது.

மத்தேயு 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நியாயசாஸ்திரி கேட்டது பிரதான கற்பனை, அதாவது கட்டளை, எது என்று மட்டும்தான். தேவனிடத்தில் அன்புகூருவாயாக என்று சொல்லி இயேசு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "இதற்கு ஒப்பாயிருக்கிற இரண்டாம் கற்பனை" என்று கேட்காத ஒன்றையும் ஏன் சேர்த்தார்? அதைப் பிரித்துவிட்டால் முதலாவது நிற்காது என்பதால்தான். மலைகளைப் பேர்க்கிற விசுவாசம் இருந்தாலும் அன்பு இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்று பவுலும் எழுதுகிறார்.

பெரோயா:
பிரதர், அன்பு வேண்டாம் என்று எந்த விசுவாசியும் சொல்ல மாட்டான். அதை மைய நோக்கம் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் கற்பனை ஏன் இரண்டாவது? முதலாவது ஒன்று இருப்பதால். 1647ல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை என்ற உபதேசப் புத்தகத்தின் முதல் கேள்வியே மனுஷனுடைய பிரதான நோக்கம் என்ன என்பதுதான். தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் களிகூருவதும் என்பது பதில். கலாத்தியர் 5:22 அன்பை ஆவியின் கனி என்கிறது. கனி வேறு, வேர் வேறு.

இன்னொன்றையும் யோசியுங்கள். "அன்பின் வழியது உயிர்நிலை" என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். இன்னா செய்தவர்க்கும் நன்மை செய் என்றும் சொல்லிவிட்டார். அன்புதான் மையம் என்றால் சிலுவை எதற்கு?

தாமிரபரணி:
நல்ல கேள்வி. வள்ளுவர் அதைச் சொன்னதில் எனக்கு மகிழ்ச்சிதான். வேறு யாரும் சொல்லாததாக இருந்தால்தான் நம் மையமாக இருக்க முடியும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பிறனை நேசி என்பது லேவியராகமம் 19லேயே இருக்கிறது. ஆனாலும் யோவான் 13ல் இயேசு "புதிதான கட்டளை" என்கிறார். புதியது எது? "நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல" என்ற அளவுதான். அதை எப்போது சொன்னார் என்பதையும் கவனியுங்கள். கால்களைக் கழுவி முடித்தாயிற்று, யூதாஸ் எழுந்து இருட்டுக்குள் போய்விட்டான். கழுவின கால்களில் அவன் காலும் உண்டு. சிலுவை எதற்கு என்று கேட்டீர்களே, இந்த அன்பின் அளவைக் காட்டுகிற இடமே அதுதான்.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் இங்கே தங்கும் எண்ணத்தோடு வரவில்லை, உடம்பு சரியில்லாத தாயைப் பார்க்கத்தான் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார். 1899ல் பட்டம் வாங்கி, 1900ல் வேலூருக்கு வந்து, 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார், அதுதான் பிறகு கல்லூரி ஆனது. அந்தக் கல்லூரியின் குறிக்கோளே ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்யும்படி என்பதுதானே.

பெரோயா:
அந்தக் குறிக்கோள் மாற்கு 10:45ல் பாதி. மீதிப் பாதி "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும்" என்பது. நான் கவலைப்படுவது இதற்காகத்தான். முதல் பாதியைச் சுவரில் எழுதிவைத்து, மீதியை மறந்துபோகிற கிறிஸ்தவம் இரண்டு தலைமுறையில் நல்ல ஒரு அறக்கட்டளையாகத்தான் மிஞ்சும். வேலூரைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் கூட அந்த மூன்று மரணங்களையும் தேவனுடைய அழைப்பாகக் கேட்டதால்தான் போனார். அழைத்தவர் முதலில், வேலை அப்புறம்.

கரிசல்காட்டான்:
இரண்டு பேரும் வசனம் சொல்கிறீர்கள். நான் கல்லறையைப் பற்றிச் சொல்கிறேன். திருச்சி மேலப்புதூரில் ஒரே சபையைச் சேர்ந்த செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்க நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். அது கத்தோலிக்கர் விஷயம் என்று நாம் தப்ப முடியாது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நம் புராட்டஸ்டன்ட் சபைகளில் தனித்தனியாக உட்கார்ந்து, திருவிருந்தில் கூட இன்னார் குடித்த பிறகு இன்னார் குடிக்கலாமா என்று பார்த்த காலம் உண்டு. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வித்தியாசத்தை உடனே, அடியோடு விடவேண்டும் என்று கடிதம் எழுதினார். அதற்காகச் சபையை விட்டே பலர் போனார்கள். கிறிஸ்துவின் இரத்தம் என்று நம்பி வாங்குகிற பாத்திரம் அது! உபதேசத்தில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. விசுவாசப்பிரமாணம் தலைகீழாகத் தெரியும்.

இன்றைக்கும் அசனத்தில் (சபை விருந்தில்) எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பெண் கேட்டுப் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும்.

பெரோயா:
அது பாவம். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஆனால் அண்ணே, அந்தச் சுவரை எதை வைத்து இடிப்பீர்கள்? "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற சத்தியம் வேண்டும். வெறும் அன்பு போதாது. தன் சாதிக்காரனை உயிராக நேசிக்கிறவனும் அன்பு என்றுதான் அதைச் சொல்கிறான். யாரை, எதுவரை நேசிக்கவேண்டும் என்று சொல்ல உபதேசம்தான் வேண்டும்.

கரிசல்காட்டான்:
நியாயமான பேச்சு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வசனம் அத்தனை வருஷமும் அவர்கள் கையில்தானே இருந்தது?

நோக்கம், கனி என்று நீங்கள் பிரிப்பது எங்களுக்கு வார்த்தை விளையாட்டு இல்லை. அன்பைக் கனி என்று மட்டும் சொன்னால், காய்க்காத மரத்துக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது: "வேர் நன்றாகத்தான் இருக்கிறது, பருவம் வரட்டும்." எங்கள் தாத்தா காலத்திலிருந்து அந்தப் பருவத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம். மாற்கு 11ல் ஆண்டவர் சபித்த அத்திமரத்தைப் பாருங்கள். அது அத்திப்பழக் காலம் இல்லை என்று மாற்கே எழுதுகிறார். இலை நிறைய இருந்தது. காலமில்லை என்பதை அவர் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. நோக்கம் என்று சொல்லிவிட்டால் தள்ளிப்போட முடியாது. எதற்காக நட்டாரோ அது நடக்கவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

தாமிரபரணி:
இதைத்தான் நான் சொல்ல முயன்றேன், எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை.

மார்த்தாள்:
நான் வழக்கமாக வாசிக்க மட்டும்தான் வருவேன். பக்கவாதம் வந்து என் அம்மா மூன்று வருஷம் படுக்கையில் இருந்தாங்க. வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்குழு வரும். பாடுவார்கள், எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பாடும் ஒரு பாட்டுக்கு அம்மா கண்ணைத் திறப்பாங்க. அப்புறம் படுக்கைப்புண் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான் வேலைக்குப் போகிறவள். மதியம் ஒரு மணி நேரம் யாராவது வர முடியுமா என்று குழுவில் கேட்டேன். "ஜெபத்தில் வைக்கிறோம் சிஸ்டர்" என்றார்கள். யாரும் வரவில்லை.

வந்தது எதிர்வீட்டு அக்கா. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவங்க. நான் கேட்கவே இல்லை. சீழ் துடைத்து, வேட்டித் துணி மாற்றி, அம்மா தலையைச் சீவிவிட்டுப் போவாங்க. நல்ல சமாரியன் கதையை சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் ஆசாரியனும் லேவியனும் ஏன் விலகிப் போனார்கள் என்று நம் வீட்டில் நடந்தபோதுதான் யோசித்தேன். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். தேவாலய வேலை இருந்திருக்கும்.

பெரோயா:
சிஸ்டர், நேற்று இரவே வாசித்தேன், பதில் எழுத முடியவில்லை. யாக்கோபு 2:16ல் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிறவர்கள் வருகிறார்களே, அதைத்தான் அந்தக் குழு செய்தது. என் குழுவாக இருந்தாலும் அதையே செய்திருக்கும், அதனால்தான் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் என் நிலையை நான் விடவில்லை. அந்த அக்காவின் அன்பு பெரியது, அவர்களுக்கும் இரட்சகர் வேண்டும். கேட்பது தவறென்றால் மன்னியுங்கள்: அவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசினீர்களா? உண்மையாக நேசித்தால் நம்மிடம் உள்ளதில் பெரியதைக் கொடுப்போம் அல்லவா?

கரிசல்காட்டான்:
இதைக் கேட்கிற நேரமா பிரதர் இது?

மார்த்தாள்:
கேட்கட்டும் அண்ணா, தவறில்லை. அம்மா இருந்தவரை பேசவில்லை. எந்த முகத்தோடு பேசுவது? அம்மாவை அடக்கம் பண்ணி மூன்று மாதத்தில் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டாங்க. மருமகள் மில்லுக்குப் போய்விடுவாள். நான் காலை ஷிப்ட் வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்கு வந்ததும் அங்கே போவேன். ஒருநாள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "உங்கம்மா ஒரு பாட்டுக்குக் கண்ணத் தொறப்பாங்களே, அதப் பாடு" என்றாங்க. பாடினேன். இது யாரைப் பற்றின பாட்டு என்று கேட்டாங்க. அன்றைக்குத்தான் சொன்னேன்.