புதுப்பிப்பு: சிவப்புப் பட்டில் மடிப்புகள் மறைந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: திருமணப் படத்தில் குங்குமச் சிவப்புப் பட்டுப்புடவை மடிப்பே தெரியாமல் ஒரே திட்டாக இருந்தது. ஹிஸ்டோகிராமோ (படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடவே இல்லை. அதாவது, எங்கும் வெளிச்சம் அளவு மீறியதாக அது காட்டவில்லை.

ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. பிரித்துப் பார்த்தால், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வழக்கமான ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு ஏறக்குறைய 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்றுதான் பங்கு. ஆகவே சிவப்பு உச்ச அளவான 255ஐ எட்டினாலும் ஒளிர்வு வரைபடம் ஒன்றும் அறியாததுபோல் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும்.

எதிர்பாராதது வேறு. ரா தெரபி என்ற படத் திருத்த மென்பொருளில் ரா (கேமரா பதிந்த மூலத் தரவு) ஹிஸ்டோகிராமைத் திறந்தபோது, மூலக் கோப்பில் சிவப்பு வெட்டுப்படவே (உச்சத்தில் முட்டி விவரம் இழக்கவே) இல்லை! வண்ணச் சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை சிவப்பைப் பெருக்கியதும், எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான வண்ண வரையறையின் குறுகிய எல்லையும் சேர்ந்து செய்த வேலை அது. எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்ச அளவை) அரை ஸ்டாப் இறக்கி, சிவப்பின் செறிவையும் சற்றுக் குறைத்ததும் ஜரிகையை ஒட்டிய மடிப்புகள் தெளிந்தன. முகம் கொஞ்சம் இருண்டது. அங்கு மட்டும் மாஸ்க் போட்டு வெளிச்சம் கூட்டினேன்.

பதில்களில் வந்த, நிழல்களை (இருண்ட பகுதிகளை) உயர்த்தும் யோசனை இதற்கு உதவவில்லை. ரா கோப்பு இல்லாமல் ஜேபெக் மட்டும் கையில் இருந்தால் இந்த வழி பலிக்காது. அதில் வெட்டுப்பட்ட சிவப்பு திரும்பி வராது.