ஒலித்தொகுதிக்கு மின் சீராக்கி வாங்க வேண்டுமா? உப்புவெளியிலிருந்து ஒரு கேள்வி

உப்புவெளி வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்த நாதஸ்வர இசைத்தட்டுகளை மீண்டும் கேட்க வேண்டும் என்ற ஆசையில், ஓர் இசைத்தட்டுச் சுழலியும், ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் 80 வாற் தரும் அம்பிளிபயரும், ரிவியோடு இணைத்த டிஜிற்றல் மாற்றியும் (டிஜிற்றல் ஒலியை அம்பிளிபயருக்கு ஏற்ற சைகையாக்கும் கருவி) கொண்ட ஒலித்தொகுதியை வீட்டில் அமைத்திருக்கிறேன். மூன்று தொல்லைகள் இருக்கின்றன. பாட்டு ஓடாத வேளையிலும் ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் கேட்கிறது. தண்ணீர் மோட்டார் போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. இரவு ஏழு மணிக்குப் பிறகு மின்குமிழ்கள் மங்குகின்றன. மின்வெட்டு நீண்ட 2022இல் வாங்கிய யூபிஎஸ் ஒன்றும், குளிர்சாதனப் பெட்டிக்கு வைத்த ஸ்டெபிலைசர் ஒன்றும் வீட்டில் உண்டு. கொழும்பில் ஒரு கடைக்காரர், பெரிய மின் சீராக்கி ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அதன் விலை அம்பிளிபயரின் விலையை எட்டுகிறது. வாங்கலாமா?

பழைய ரேடியோ திருத்துநர்:

தம்பி, உடனே வாங்க வேண்டாம். சீராக்கி என்ற ஒரே பெயரில் கடைகளில் விற்கப்படும் பொருட்கள் வெவ்வேறு வேலை செய்பவை. ஒன்று மின்னலால் வரும் பாய்ச்சலைத் தடுக்கும். இன்னொன்று உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டும். வேறொன்று வோல்ற்றளவைக் கூட்டிக் குறைக்கும். ஒன்லைன் யூபிஎஸ் போன்றவை ஆடலோட்டத்தை (ஏசி) நேரோட்டமாக்கி (டிசி) மீண்டும் புதிதாக ஆடலோட்டமாக்கித் தரும். உங்கள் மூன்று தொல்லைகளும் ஒரே காரணத்தால் வருபவை அல்ல என்பதால், எது எதனால் வருகிறது என்று தெரியாமல் பணத்தைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் மல்ரிமீற்றரால் பகல் பன்னிரண்டு மணிக்கும், இரவு எட்டு மணிக்கும், விடியற்காலையிலும் அளந்து எழுதி வையுங்கள். நம் இலங்கையில் 230 வோல்ற்றுக்கு மேலும் கீழும் 6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை, ஏற்கப்பட்ட எல்லை. வோல்ற்றளவு 10 சதவீதம் இறங்கினால் சாதாரண அம்பிளிபயரின் உச்ச வலு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்; அது பெரிய இழப்பாகத் தெரிந்தாலும் காதுக்கு ஒரு டெசிபெல்லுக்கும் குறைந்த வேறுபாடுதான். டிஜிற்றல் மாற்றியின் உள்ளே வோல்ற்றளவை நிலையாக வைக்கும் தனிச் சில்லுகள் இருப்பதால் அதற்கு இந்த இறக்கம் தெரியவே தெரியாது. எனவே மங்கும் மின்குமிழுக்காக மட்டும் எதையும் வாங்க வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசரை இதற்குப் போடவும் வேண்டாம்; அதன் ரிலே (உள்ளே தானாக மாறும் ஆளி) மாறும் ஒவ்வொரு தடவையும் மின் ஒரு கணம் அறுந்து சேரும். அந்த யூபிஎஸ் பற்றரியில் இயங்கும்போது படிப்படியான சதுர அலையைத் தருவதாக இருந்தால், அம்பிளிபயரின் ட்ரான்ஸ்போமர் அதில் உறுமும்.

இரைச்சலுக்கு, ரிவியிலிருந்து வரும் வயரையும் கேபிள் இணைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது அது நிற்கிறதோ அதுதான் இரைச்சல் வரும் வழி. இரைச்சலை நிறுத்த வேண்டும் என்று பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்றிவிடாதீர்கள். அது உயிர் காக்கும் கம்பி.

நிலாவெளி வீதிக்காரர்:

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சீராக்கி விற்பவர்கள் எர்த்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. எங்கள் பக்கம் முழுவதும் மணல் நிலம். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் காய்ந்துவிட்டால், மாரியில் நன்றாக இருந்த எர்த் தடியின் தடை பல மடங்கு ஏறிவிடும். ஆகையால் எர்த்தை அளப்பதாக இருந்தால் ஆவணியில் அளக்க வேண்டும், கார்த்திகையில் அல்ல. எர்த் சரியில்லாத வீட்டில் பாய்ச்சல் தடுப்பான் எவ்வளவு விலையானதாக இருந்தாலும், மின்னலை எங்கே கொண்டுபோய் விடும்?

சென்ற ஐப்பசி இடியில் என் ரிவி போன பிறகு, அது செருகியிருந்த ‘சேர்ஜ்’ பலகையைத் (பாய்ச்சல் தடுப்பான் உள்ள செருகுபலகை) திறந்து பார்த்தேன். உள்ளே கட்டைவிரல் நகமளவு நீல வட்டுத் துண்டு ஒன்று இரண்டாகப் பிளந்து, சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கில் கரி படிந்திருந்தது. அந்த வட்டு ஒவ்வொரு சிறு பாய்ச்சலையும் தாங்கித் தாங்கித் தேயும் பொருள். அது எப்போது செத்தது என்பதைக் காட்டும் விளக்கு அந்தப் பலகையில் இருக்கவில்லை. இப்போது பிரதான பலகையிலேயே பெரிய தடுப்பான் பொருத்தியிருக்கிறேன். அதற்குப் போகும் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீற்றருக்குள் இருக்க வேண்டும், நீண்டால் பயன் குறையும். என்றாலும் கிட்டத்தில் இடி விழுந்தால் அதுவும் போதாது. வானம் இருண்டதும் பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுகிறேன்.

உப்புவெளி வாசகன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாட்கள் அளந்தேன். இரவில் 213 வோல்ற் வரை இறங்குகிறது. நான் எதிர்பாராதது, நண்பகலில் 246 வரை ஏறுகிறது. எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடுகளின் கூரையில் சோலார் இருக்கிறது, நாங்கள் கடைசி வீடு; பகலில் அவை கம்பிக்கு மின்னை அனுப்புவதால் ஏறுகிறது போலும்.

கிணற்றடியில் இருக்கும் எர்த் தடியைத் தேடி மண்ணைக் கிளறிப் பார்த்தபோது, கம்பியைத் தடியோடு பிணைக்கும் இறுக்கியின் ஆணி உப்புக்காற்றில் துருவேறித் தகடு தகடாக உதிர்ந்தது. கம்பியை விரலால் தொட்டதும் கழன்று கையில் வந்துவிட்டது. எத்தனை வருடம் நாங்கள் எர்த் இல்லாமல் இருந்தோம் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. எலெக்ற்றீசியன் புதிய செப்புத் தடி அடித்து, பித்தளை இறுக்கி போட்டு, ட்ரிப் சுவிட்சையும் கருவி வைத்துச் சோதித்துத் தந்தார். அன்றிரவே இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சத்தை ரிவியின் கேபிளைக் கழற்றியதும் காணவில்லை.

பழைய ரேடியோ திருத்துநர்:

அப்படியென்றால் கதை தெளிவாகிறது. எர்த் அறுந்திருந்தபோது, கருவிகளின் உள் வடிகட்டிகளிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் கேபிள் ரிவி வயரின் உலோக உறை வழியாக வெளியே போக வழி தேடியிருக்கிறது. அது உங்கள் ஒலி வயர்கள் ஊடாகப் போனதால் காதில் விழுந்தது. ரிவிக்கும் டிஜிற்றல் மாற்றிக்கும் இடையில் ஒளியிழை வயரைப் போடுங்கள், அந்தப் பாதையே இல்லாமற் போகும்.

இனி வாங்க வேண்டியவை: பிரதான பலகைக்கு ஒரு பாய்ச்சல் தடுப்பானும், வோல்ற்றளவு எல்லை தாண்டினால் துண்டித்து, சில நிமிடம் பொறுத்து மீண்டும் இணைக்கும் காவற்கருவி ஒன்றும். நியூற்றல் கம்பி (மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பி) அறுந்து 300 வோல்ற்றுக்கு மேல் ஏறும் நாளில் உங்கள் தொகுதியைக் காப்பது அந்தக் கருவிதான். மோட்டார்ச் சத்தம் இன்னும் கேட்டால், சுழலிக்கும் டிஜிற்றல் மாற்றிக்கும் மட்டும் ஒரு சிறு வடிகட்டிப் பலகை போதும். அம்பிளிபயரைச் சுவரிலேயே நேரடியாகச் செருகுங்கள். தவிலின் ஒவ்வொரு அடிக்கும் அது சட்டென்று மின்னை இழுக்கும், இடையில் வடிகட்டியோ சீராக்கியோ எதுவும் நிற்கக் கூடாது. 246 பற்றி மின் அலுவலகத்தில் அளவுகளோடு எழுத்தில் கொடுங்கள்.

உப்புவெளி வாசகன்:

ஒளியிழை வயர் நேற்று வந்தது. ஊசி தட்டில் இறங்கும் முன் இப்போது ஒரு சத்தமும் இல்லை. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.