வார்னமுண்டே கடற்கரை போனவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெர்லினில் முதுகலை படிக்கும் நாங்கள் நான்கு பேர், தேர்வெல்லாம் முடிந்து, வரும் சனிக்கிழமை ரோஸ்டாக் நகரின் பால்டிக் கடற்கரைப் பகுதியான வார்னமுண்டே போகிறோம். எங்களிடம் உள்ள டாய்ச்லாண்ட் டிக்கெட் (உள்ளூர், வட்டார வண்டிகளுக்கான மாதச் சீட்டு) ஐசிஇ அதிவேக ரயிலில் செல்லாது என்பதால் ஆர்இ5 வட்டார ரயிலில் ரோஸ்டாக், அங்கிருந்து எஸ்-பான் நகர ரயில். அது சரி. தங்க இடம்தான் அமையவில்லை. ஒரே ஒரு இரவு என்றாலே மறுக்கிறார்கள். ரோஸ்டாக்கிலேயே தங்கிவிட்டுக் காலையில் கடலுக்குப் போகலாமா?

அப்புறம், காற்றுக்கு முதுகு காட்டி உட்காரும் அந்தப் பிரம்புக் கூடை நாற்காலி, ஸ்ட்ராண்ட்கோர்ப், நேரில் போனால் வாடகைக்குக் கிடைக்குமா? இருவருக்கு ஒன்று வீதம் இரண்டு வேண்டும்.

எங்களில் ஒருத்தி தருமபுரிக்காரி. இதுவரை கடலில் கால் நனைத்ததே இல்லை. பால்டிக் தண்ணீர் ஜூலையிலும் சில்லென்று இருக்குமாமே. அவள் பயமில்லாமல் இறங்க, ஆழம் குறைந்த இடம் கலங்கரை விளக்கத்துக்கு அருகிலா, இன்னும் மேற்கே தள்ளியா?