டிரில் மெஷினில் ஓகர் பூட்டிக் குழி தோண்டலாமா? களுபோவில மண்ணுக்கு ஆலோசனை தேவை

களுபோவில வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புற மதிலை ஒட்டிச் செவ்வரத்தையை வேலியாக நடவும், ஒரு மூலையில் தேசி மரமும் மற்ற மூலையில் தென்னம்பிள்ளை ஒன்றும் வைக்கவும் எண்ணியிருக்கிறோம். முழங்கால் வலியால் குனிந்து நின்று மண்வெட்டி பிடிக்க என்னால் இயலாது. இந்தச் சிறிய வேலைக்குக் கூலியாள் பிடிப்பதோ வேலையை விடப் பெரிய வேலையாக இருக்கிறது. என்னிடம் 13 மில்லிமீற்றர் சக் (அலகைப் பிடிக்கும் வாய்) உள்ள 18 வோல்ட் பற்றரி டிரில் மெஷின் ஒன்று உண்டு. அதில் பூட்டும் ஓகர்கள் (மண்ணைக் குடையும் திருகு அலகுகள்) 2 அங்குலத்திலிருந்து 8 அங்குலம் வரை விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். மேலே ஓரடி மண் நல்ல மண்தான், ஆனால் அதன் கீழே கபுக் கல்லும் (செம்பூரான் கல்), வீடு கட்டிய காலத்தில் புதைத்த செங்கல் துண்டுகளும் கிடக்கின்றன. இதில் ஓகர் இறங்குமா, மெஷின் பழுதாகிவிடுமா, எந்த அளவை வாங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

ஹெந்தளைத் தோட்டம்

8 அங்குலத்தை மறந்துவிடுங்கள், ஐயா. ஒரே ஆழத்துக்கு 8 அங்குலக் குழியிலிருந்து வெளியேற வேண்டிய மண், 4 அங்குலக் குழியின் மண்ணைப் போல நான்கு மடங்கு. அதைத் திருகித் தூக்கும் சுமை முழுவதும் மோட்டரிலும் உங்கள் மணிக்கட்டிலும்தான் விழும். செவ்வரத்தைக் கன்றுப் பைகளுக்கு 4 அங்குலம் போதும், தடிகளை நேரடியாக ஊன்றுவதானால் 2 அங்குலமே தாராளம். ஓகரின் தண்டு அறுகோணமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உருண்டைத் தண்டு சக்கினுள் வழுக்கும்.

மெஷினில் வேகப் பொத்தானை 1 இல் வைத்து, கிளச் வளையத்தை டிரில் குறிக்குத் திருப்பி, ஹம்மர் இயக்கத்தை நிறுத்திவிடுங்கள். பக்கக் கைப்பிடி இல்லாமல் தொடங்க வேண்டாம். ஓகர் ஒரு கல்லிலோ தடித்த வேரிலோ சிக்கிய கணத்தில் அது நின்றுவிடும், ஆனால் மோட்டர் நிற்காது. அப்போது சுழல்வது மெஷினின் உடலும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையுமாகவே இருக்கும். எனவே மெஷினின் விசையை விட்டு விட்டு அழுத்தும் பழக்கம் வேண்டும்: நாலு விரல் ஆழம் இறக்கி, சுழலவிட்டபடியே மேலே தூக்கி மண்ணை உதிர்த்து, மீண்டும் இறக்க வேண்டும். ஒரே மூச்சில் அடிவரை இறக்கினால் மண் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் பலமாக இழுக்காமல் பின்பக்கச் சுழற்சியில் மெல்லக் கழற்றி எடுங்கள். மெஷினின் காற்றுத் துளைகளில் கை வைத்துப் பார்த்து, சூடு அதிகமானால் ஆறவிடுங்கள்.

எங்கள் பக்கம் மணல் என்பதால் இறங்குவதில் சிரமமே இல்லை, ஆனால் காய்ந்த மணலில் குழி உடனே சரிந்துவிடும். முதல் நாள் மாலை தண்ணீர் விட வேண்டியிருக்கிறது.

பழைய அலவாங்கு

மேலே உள்ளவர் சொன்னது மணலுக்கும் இளகிய மண்ணுக்கும் முற்றிலும் பொருந்தும். கபுக் கல்லை இந்த வகை டிரில் ஓகர் குடையாது. நுனி தேய்ந்து சூடேறுவதுதான் மிச்சம். செங்கல் துண்டு தட்டுப்பட்டால் நிறுத்திவிட்டு, அலவாங்கால் அதைப் பெயர்த்து எடுத்த பின்னரே தொடர வேண்டும்.

தென்னையை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடியாகக் குழி வெட்டி, அடியில் தேங்காய் மட்டைகளை அடுக்கி ஈரத்தைப் பிடித்துவைப்பதே இங்கு பரிந்துரைக்கப்படும் முறை. கடினமான மண்ணில் குழி இன்னும் பெரிதாக வேண்டும். அதற்கு ஒருநாள் ஆள் பிடித்தே ஆக வேண்டும். பிடித்த ஆளைக் கொண்டு தேசிக்கும் இரண்டடிக் குழி ஒன்றை வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று: ஈரக் களிமண்ணில் ஓகர் சுழலும்போது குழியின் சுவர் சாணி மெழுகியதுபோல வழவழப்பாகிவிடும். இளம் வேர் அதைத் துளைக்க முடியாமல் குழிக்குள்ளேயே சுற்றும், மழைநீரும் வடியாது. கன்றை வைப்பதற்கு முன் சுவரைக் கைக்கரண்டியால் சுரண்டிக் கரடுமுரடாக்குங்கள்.

மதிலோரம் என்கிறீர்கள். கொழும்பு வீடுகளில் மீற்றரிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் மதிலோரமாகத்தான் ஓடுகிறது, அதுவும் அதிக ஆழத்தில் இல்லை. படலை விளக்குக்குப் போகும் வயரும் அப்படியே. அவை செல்லும் பாதையை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் ஓகரைத் தொடாதீர்கள்.

களுபோவில வாசி

விரிவான பதில்களுக்கு நன்றி. மகனிடம் கரண்டில் இயங்கும், கொங்கிரீட் குடையும் எஸ்.டி.எஸ். ஹம்மர் மெஷின் இருக்கிறது. அதன் வலு அதிகமல்லவா, அதைப் பயன்படுத்தலாமா?

தெகிவளை வீட்டுத்தோட்டம்

வலு அதிகம் என்பதே அதை வேண்டாம் என்பதற்கான காரணம், அண்ணா. எஸ்.டி.எஸ். தலையில் அறுகோணத் தண்டு நேரடியாகப் பொருந்தாது, இடையில் ஒரு அடப்டர் வேண்டும்; சிக்கினால் உதறும் உதறலையும் முழங்கால் வலியோடு நிற்பவரால் தாங்க முடியாது. மேலும், ஈர மண்ணில் நின்றுகொண்டு 230 வோல்ட் வயரை இழுத்துத் திரிய வேண்டியிருக்கும். ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்தால்கூட நான் அதை விரும்பமாட்டேன்.

உங்கள் முழங்காலுக்குத் தண்டின் நீளமே முக்கியம். ஓரடி ஓகர் வாங்கினால் தொடக்கத்திலேயே குந்த வேண்டியிருக்கும். இரண்டடி நீளமானால் பெருமளவு நின்றபடியே வேலை முடியும், ஆனால் தொடக்கத்தில் நுனி அலையும் என்பதால் மண்வெட்டி முனையால் ஒரு சிறு பள்ளம் தட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நடவுக்கு மட்டும் என்று பார்த்தால் அலவாங்குக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. எனக்கு ஓகர் உண்மையில் பயன்படுவது பசளைக்குத்தான். மாமரக் கிளைகளின் விளிம்பு நிழல் விழும் வட்டத்தில் ஓரடி ஆழத்துக்கு 2 அங்குலத் துளைகள் இட்டு, கூட்டெருவை நிரப்பி மண்ணால் மூடிவிடுகிறேன். மேலே தூவிய பசளையை மழை அடித்துச் செல்வதுபோல இதை அடித்துச் செல்ல முடியாது. அடிமரத்துக்கு அருகில் துளைக்க வேண்டாம், பெரிய வேர்கள் அறுபடும்.

ஒக்டோபரில் மழை தொடங்கி, மண் நனைந்து ஓரிரு நாள் வடிந்ததும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்தால் உருண்டு, தட்டினால் உதிரும் பதம் வேண்டும். தோண்டிய குழிகளை அன்றே நட்டு மூடிவிடுங்கள்; தண்ணீர் தேங்கினால் டெங்கு பரிசோதனைக்கு வருபவர்களிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.